பழைய விஸ்கி பாட்டிலைத் திறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியின் பின்வரிசையில் இருபது, முப்பது ஆண்டுகளாகக் கிடந்த விஸ்கி பாட்டில் ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலோர் முதலில் தேடுவது அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. விஸ்கி முதிர்வது ஓக் மரப் பீப்பாயில். கண்ணாடிக்குள் அடைத்து மூடியதும் அந்த முதிர்ச்சி நின்றுவிடும். ஸ்காட்லாந்தில் தயாராகும் ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலின் லேபிளில் 12 ஆண்டு என்று இருந்தால், அதில் கலந்துள்ளவற்றில் மிக இளையதுகூடப் பீப்பாயில் 12 ஆண்டுகள் இருந்திருக்கிறது என்று பொருள். அதை 1990இல் அடைத்திருந்தாலும் இன்றைக்கும் அது 12 ஆண்டு விஸ்கிதான். ஆகவே, வைக்க வைக்க ருசி கூடும் என்று பூட்டி வைப்பதில் பயனில்லை. இத்தனை காலம் ஆகிவிட்டதே என்று பயந்து கொட்டிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஸ்காட்ச் விஸ்கியில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த அளவு ஆல்கஹாலில் கிருமிகள் வளர வழியில்லாததால், பால் திரிவதைப் போலவோ ஒயின் புளிப்பதைப் போலவோ அது கெட்டுப்போவதில்லை.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1907 முதல் 1909 வரை நடத்திய அண்டார்டிக்கப் பயணத்தின்போது, கேப் ராய்ட்ஸ் என்னுமிடத்தில் கட்டிய குடிலுக்கு அடியில் மக்கின்லே விஸ்கிப் பெட்டிகள் விடுபட்டுப்போயின. 2010இல் அவற்றைப் பனியிலிருந்து வெட்டியெடுத்தார்கள். மறு ஆண்டு மூன்று பாட்டில்களை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுசென்று ஆராய்ந்தபோது, ஆல்கஹால் 47 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது. மணமும் சுவையும் சிதையவில்லை. நூறாண்டு கழிந்தும் அது நன்றாக இருந்ததற்குக் குளிரும் இருளும் இறுகிய மூடியுமே காரணம்.

இந்த மூன்றும் அமையாத இடத்தில் இருந்த பாட்டிலை, சீல் உடையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நம்பிவிடுவது அடுத்த தவறு. வெயில் படும் ஜன்னலோரத்தில் நின்ற விஸ்கி நிறம் வெளுத்து, மணமும் மாறியிருக்கும். சூடு ஏறி இறங்கும் இடத்தில் திரவம் விரிந்து சுருங்குவதால் மூடியின் இறுக்கம் தளர்ந்து, ஆல்கஹால் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பாட்டிலின் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து மட்டத்தைப் பாருங்கள். கழுத்துக்குள் நின்றால் கவலையில்லை. தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால், சீல் அப்படியே இருந்தாலும் உள்ளே காற்று போய்வந்திருக்கிறது. அத்தகைய விஸ்கி பெரும்பாலும் உடலுக்குக் கேடு செய்யாது, ஆனால் சப்பென்று இருக்கும்.

ஒயினைப் போல விஸ்கியையும் படுக்க வைப்பவர்கள் உண்டு. அடர்ந்த ஆல்கஹால் தக்கையில் நாள்கணக்கில் படிந்தால் தக்கை இற்றுப்போகும். எனவே விஸ்கி நின்றபடியேதான் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் நின்றதால் உலர்ந்துபோன தக்கைக்கும் தனிப் பொறுமை தேவை. ஒருமுறை நான் அவசரமாகத் திருகி இழுத்ததில் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. மீதி கழுத்துக்குள்ளேயே நின்று, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே மிதந்தது. காபி வடிகட்டும் தாளில் வடித்துச் சுத்தமான வேறு பாட்டிலில் ஊற்றியதும் விஸ்கிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து, திறப்பதற்கு முன் பாட்டிலைச் சில நொடிகள் சாய்த்துத் தக்கையை நனைத்துக்கொண்டு, தக்கையை அசையாமல் பிடித்துப் பாட்டிலை மெல்லத் திருப்புகிறேன். புதிய தக்கை ஒன்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

திறந்த பாட்டிலுக்கும் திறக்காத பாட்டிலுக்கும் ஒரே கணக்குப் போடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு என்பேன். திறந்த பிறகு விஸ்கியின் எதிரி காற்று. பாட்டிலில் காலியிடம் பெருகப் பெருகக் காற்றின் வேலையும் பெருகும். முக்கால் பங்கு இருக்கும் பாட்டில் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். அடியில் கால் பங்கு மட்டும் மிஞ்சியது சில மாதங்களிலேயே உயிர்ப்பை இழந்துவிடும். சிறிய பாட்டில் ஒன்றில் கழுத்துவரை நிறையும்படி மாற்றி ஊற்றி வைத்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் அழகுக்காகப் பழைய கிரிஸ்டல் குடுவையில் ஊற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் ஈயக் கண்ணாடி; அதில் 24 சதவீதமோ அதற்கு மேலோ ஈய ஆக்சைடு இருக்கும். அந்த ஈயம் மதுவில் மெல்லக் கரைந்து இறங்கும். மேசையில் பரிமாறும் சில மணி நேரத்துக்கு மட்டும் அந்தக் குடுவை போதும். பால் ஏடு கலந்த கிரீம் மதுவகைகளுக்கு இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றின் லேபிளில் உள்ள தேதி கடந்துவிட்டால் குடிக்கக் கூடாது.

கலங்கல் தெரிந்தவுடன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். குளிர்வித்து வடிகட்டாத விஸ்கியில், ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், குளிரில் மெல்லிய மூட்டம் படரும். அறை வெப்பத்துக்கு வந்ததும் தெளிந்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2017இல் சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் 1878ஆம் ஆண்டின் மெக்காலன் என்ற ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லி ஒரு கோப்பை 9,999 பிராங்குக்கு விற்றார்கள். சோதித்தபோது அது 1970களின் தொடக்கத்தில் தயாரான கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. அங்கே போனது பணம் மட்டுமே. ஆனால் காலிப் பாட்டிலில் எதையோ நிரப்பி மூடியவர் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த சாராயத்தை நிரப்பியிருந்தால், நாக்கும் மூக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது. சீல் சுருங்கியோ பசை ஒட்டியோ இருந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டிலாக இருந்தால், ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள். குடித்த பிறகு பார்வை மங்கினாலோ விடாமல் வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பகமான பாட்டில்தான் என்றாலும், முதல் முகர்தலிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். நெடுங்காலம் அடைபட்டிருந்த விஸ்கியில் தொடக்கத்தில் ஒரு புழுக்க வாசமோ உலோக வாசமோ எழும். கொஞ்சம் ஊற்றிக் கால் மணி நேரம் கோப்பையில் விட்டால் அது பெரும்பாலும் கலைந்துவிடும். ஈரமான அட்டைப்பெட்டியின் வாசம் மட்டும் எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. அது தக்கையிலிருந்து வந்தது, உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் அந்த பாட்டிலில் இனி ருசியை எதிர்பார்க்க முடியாது.