ஆன் ஆக 4 நிமிடம், ஆஃப் ஆக 2 நிமிடம்: என் லேப்டாப்பைச் சரிசெய்த விதம்

காலையில் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், காபி கலந்து எடுத்து வரும்போதுதான் டெஸ்க்டாப் வந்து நிற்கும். ராத்திரி ஷட் டவுன் கொடுத்தால் அந்தப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதாவது பொறுமை போய், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவேன் (நீங்கள் செய்யாதீர்கள்). ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. என்னுடையது விண்டோஸ் 10. விண்டோஸ் 11-லும் வழி இதேதான், சில மெனுக்கள் மட்டும் இடம் மாறியிருக்கும்.

1. ஸ்டார்ட்அப் பட்டியல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், உடனே தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் பக்கம் போக வேண்டாம். இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

அதே பக்கத்தில் மேலே ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு எண் இருக்கும் (சில கணினிகளில் இருக்காது). அது மிக அதிகமாக இருந்தால் தாமதம் விண்டோஸுக்கு முன்பே நடக்கிறது. செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

2. ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஒவ்வொன்றாக மாற்றுவேன், ஷட் டவுன் செய்து ஆன் செய்வேன், ஒரு மாற்றமும் தெரியாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் ‘அப் டைம்’ இருக்கும். தினமும் ராத்திரி அணைக்கிற கணினி அதில் 19 நாள் காட்டியது! ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை.

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்த புரோகிராம்களை மட்டும் மூடும். கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி), டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) இருக்கும் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றிக்கொள்ளும். அதாவது, கணினி புதிதாகத் தொடங்குவதே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். அதனால் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்தே சோதியுங்கள். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்தாலும் முழுதாக அணையும்.

3. யார் தாமதிக்கிறார்கள் என்று விண்டோஸையே கேட்பது

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரை (கணினியில் நடந்தவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடு) தேடித் திறங்கள். முதலில் கண்ணில் படும் ‘விண்டோஸ் லாக்ஸ்’ பக்கம் போகாதீர்கள். அங்கே நல்ல கணினியில்கூடச் சிவப்புக் குறிகள் நிறைய இருக்கும். அவற்றைத் துரத்தி நான் அரை நாளைத் தொலைத்தேன்.

போக வேண்டிய வழி: அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் → ஆபரேஷனல்.

இதில் ஈவென்ட் எண் 100 என்றால் தொடங்க ஆன நேரம், 200 என்றால் அணைய ஆன நேரம். இரண்டும் மில்லி செகண்டில் இருக்கும், 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் வந்த பிறகு பின்னணி வேலைகள் ஓயும் வரை ஆகும் நேரமும் 100-இல் சேரும், அதனால் உங்கள் கைக்கடிகாரக் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். தாமதத்துக்குக் காரணமான ஆளின் பெயர் 101 (புரோகிராம்), 102 (டிரைவர்), 103 (சர்வீஸ்) ஆகியவற்றில் இருக்கும். அணையும்போது தாமதித்தவை 201, 203.

என் கணினியில் 101, 201 இரண்டிலும் ஒரே பெயர். பிரிண்டர் மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஒரு குட்டிப் புரோகிராம். அந்தப் பிரிண்டரை நான் தூக்கிக் கொடுத்தே இரண்டு வருடம் ஆகிறது! இது ஸ்டார்ட்அப் பட்டியலில் இல்லவே இல்லை, டாஸ்க் ஷெட்யூலர் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒளிந்திருப்பவற்றைக் காட்ட மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோரன்ஸ்’ இருக்கிறது, இலவசம். எதையும் டெலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ என்று விளம்பரத்தில் வருபவற்றை மட்டும் நிறுவாதீர்கள். ஸ்டார்ட்அப்பில் இன்னொரு ஆள் சேர்வதுதான் மிச்சம்.

பிரிண்டர் மென்பொருளை நீக்கியதும் அணைவது 20 நொடிக்கு வந்தது.

4. தொடங்குவது இன்னும் மெதுவா? டிஸ்கைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வெகுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றது. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ (எச்சரிக்கை). ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை) பூஜ்ஜியமாக இல்லை. அப்படி வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். பழைய சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், இப்போது 25 நொடி. பழைய டிஸ்கை அப்படியே புதியதுக்கு நகலெடுக்கப் பயன்படுத்திய ‘குளோன்சில்லா’ கெட்ட செக்டரில் வந்து நின்றுவிட்டது. எக்ஸ்பர்ட் முறையில் ‘ரெஸ்க்யூ’ விருப்பத்தை டிக் செய்த பிறகுதான் தாண்டிப் போனது.

பிற்சேர்க்கை: பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆன், ஆஃப் செய்யும் டிக்கே என் கணினியில் இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஹைபர்னேட் (கணினியின் நிலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் வசதி) ஆஃப் செய்யப்பட்டிருந்தால் அது தெரியாது. அப்போது ஷட் டவுனே முழுதாக அணைக்கும், உங்களுக்கு 2-ஆம் படி தேவையில்லை.

இன்னொன்று: எஸ்எஸ்டி போட்டும் அணைவது மட்டும் இழுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அலுவலக லேப்டாப். அணைக்கும் ஒவ்வொரு முறையும் பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல்) அழித்து எழுதும் பாதுகாப்பு அமைப்பு அதில் ஆன் செய்யப்பட்டிருந்தது. ரேம் கூடக்கூட அந்த ஃபைலும் பெரிதாகும், நேரமும் இழுக்கும். சொந்தக் கணினி என்றால் அந்த அமைப்பை ஆஃப் செய்துவிடலாம். அலுவலகத்துடையது என்றால் ஐடி ஆட்களிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.