சிங்கப்பூரில் ஒரு காலை, இரண்டு தெரு, நான்கு வழிபாட்டுத் தலங்கள்: முதன்முறை வருபவர்களுக்கு

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் முஸ்தபா கடை, மரினா பே என்று பட்டியல் போட்டுவிட்டுக் கடைசியில், "அப்படியே நாலு கோயிலும் பார்த்துடலாமா?" என்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். அதற்கென்று ஒரு காலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள், அவ்வளவுதான். தீவு முழுக்க அலைய வேண்டாம். சவுத் பிரிட்ஜ் ரோடும் தெலுக் ஆயர் ஸ்திரீட்டும் போதும். அம்மன் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், தர்கா எல்லாமே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொண்டு போனால் தயக்கமில்லாமல் உள்ளே போய் நிம்மதியாக உட்காரலாம்.

படி 1: முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள்

முழங்காலையும் தோளையும் மறைக்கிற உடை. பெண்களுக்குக் கைப்பையில் ஒரு துப்பட்டா. சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. கால் துடைக்க ஒரு சின்னத் துண்டு, தண்ணீர், குடை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஜும்மாவுக்குக் கூட்டம் நிறைந்திருக்கும். சுற்றிப் பார்க்க ஏற்ற நாள் இல்லை.

படி 2: மாரியம்மனிடம் தொடங்குங்கள்

சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பகோடா ஸ்திரீட் வழியே நடந்தால் தெருமுனையில் கோபுரம் தெரியும். எட்டு மணி வாக்கில் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துத் தரையில் கால் வைக்க முடியாது.

செருப்பை வெளியே விட்டு, குழாயில் கால் கழுவிக்கொண்டு போங்கள். 1819-இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பிய கோயில் இது. அவர் வைத்து வணங்கிய சின்ன அம்மன் இன்றும் கருவறையில் இருக்கிறாள். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வளர்த்த இடம். தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் தீமிதி நடப்பதும் இங்கேதான். திரௌபதி அம்மன் சந்நிதியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கருவறைக்கு நேராகக் கைப்பேசியைத் தூக்காதீர்கள்.

படி 3: சில அடி தள்ளி, பள்ளிவாசல்

அதே வரிசையில் எண்கோண மினாராக்கள் இரண்டு தெரியும். அதுதான் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826-இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. இன்றும் தமிழில் மார்க்க வகுப்புகள் நடக்கின்றன. வாசலில் இருப்பவரிடம் ஸலாம் சொல்லி, "உள்ளே வரலாமா?" என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். தொழுகை நேரமென்றால் முடியும்வரை வெளியே காத்திருங்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது, பேச்சைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

இதே சாலையில் எதிர்த்திசையில் நடந்தால் 2007-இல் திறந்த புத்தர் பல் கோயில் வரும். கூட வயதானவர்கள் இருந்தால் இதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். போவதானால், அசைவ உணவு எதையும் உள்ளே எடுத்துப் போகாதீர்கள்.

படி 4: தெலுக் ஆயரில் நிதானமாக

பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் ஸ்திரீட். இன்று சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். கடலைத் தூர்ப்பதற்கு முன் இந்தத் தெருதான் கடற்கரை. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இறங்கிய கையோடு இங்கேயே நன்றி சொன்னார்கள். ஹொக்கியன் சீனர்கள் கடல்தெய்வம் மாசூவுக்கு 1839-இலிருந்து 1842-க்குள் கட்டியது தியான் ஹொக் கெங்.

நம்மவர்கள் பலர் இங்கே வாசலோடு நின்றுவிடுகிறார்கள். வாசற்படி உயரமாக இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டுங்கள். தெய்வத்தை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. ஊதுபத்தி ஏற்ற விரும்பினால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். சுடரை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணையுங்கள். நம் வீட்டு விளக்குக்கும் அதே வழக்கம்தானே. இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, முதலில் வெளியே வானம் பார்த்து வணங்கி, பிறகு உள்ளே திரும்புவார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தாலே வந்துவிடும். என் அத்தை பத்தியைச் சாய்த்துப் பிடித்திருந்தபோது ஒரு சீனப் பாட்டி அருகில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அத்தையின் விரல்களைப் பற்றி நிமிர்த்திவிட்டுப் போனார். சாம்பல் விழுந்து கை சுடாமலிருக்கத்தான்.

போகும்முன் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். உத்தரங்களைத் தோளில் தாங்குவது போல இந்தியர் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அதைக் காட்டாமல் நான் திரும்புவதே இல்லை.

படி 5: நாகூர் ஆண்டவர் பெயரில்

அதே தெருவில் நாகூர் தர்கா. ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக 1828 முதல் 1830 வரை சூலியாக்கள் எழுப்பியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. நாகூரில் இருக்கும் மூலத் தர்காவுக்குப் போயிருந்தால் அடுக்கடுக்காக உயரும் மினாராக்களைப் பார்த்ததுமே புரிந்துவிடும். சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் அந்தக் காலத்துத் தமிழர்களுக்கு அது குச்சுப் பள்ளி.

பசிக்கத் தொடங்கியிருக்கும். பக்கத்திலேயே அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம் இருக்கிறது. வார நாளானால் பன்னிரண்டு மணிக்கு முன் போய்விடுங்கள். அதற்குப் பிறகு அலுவலகக் கூட்டம் இறங்கிவிடும், மேசை கிடைக்காது.