பழைய பாட்டுப் பத்திரிகைய எடைக்குப் போடாம சேத்து வச்சு படிக்கறது எப்படி: வேலூர்ல இருந்து

போன்ல ஒரு கச்சேரிய தட்டினா ரெண்டு செகண்ட்ல ஓடுது, ஆனா அதுல மிருதங்கம் யாரு வயலின் யாருன்னு தேடிப் பாருங்க, நிறைய எடத்துல பாடினவர் பேரும் ஒரு சின்ன படமும் மட்டும்தான் இருக்கும். அச்சுல வந்த பழைய விமர்சனத்த எடுத்தா பக்கவாத்தியத்துக்குன்னு நாலு வரியாவது இருக்கும். நம்ம ஊர் பேரையே முன்னாடி வச்சிகினு வாழ்ந்த வேலூர் ராமபத்ரன், பெரிய பெரிய வித்வான்களுக்கு மிருதங்கம் வாசிச்சவர், 2004-ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி குடுத்துச்சு, அவர் கை எப்படி பேசுச்சுன்னு கேட்டுட்டு வந்த ஆளுங்க சூட்டோட எழுதினத நான் படிச்சது பழைய பத்திரிகையிலதான். அதனால காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, வீட்டுப் பரண்ல இந்த மாதிரி கட்டு கிடந்தா பேப்பர்காரருக்கு தூக்கிக் குடுத்துடாதீங்க.

வீட்டுல இல்லன்னா எங்க கிடைக்கும்? பழைய பேப்பர் கடைதான் மொதல் எடம், ஆனா எப்ப போறோம்ங்கறது முக்கியம். போகிக்கு முன்னாடி ஒரு பத்து நாள், ஆயுத பூஜைக்கு வீடு ஒட்டடை அடிக்கற நேரம், அப்புறம் மே மாசம் காலேஜ் ஹாஸ்டல் காலி பண்றப்ப, இந்த மூணு சமயத்துலதான் கட்டு கட்டா வரும். லாங்கு பஜார் பக்கம் நான் வழக்கமா போற கடைக்காரர் மொதல் தடவ "இன்னா தம்பி, எடைக்கு வந்த பொஸ்தகத்த போயி காசு குடுத்து கேக்குற"ன்னார், இப்ப "ணா, பாட்டு பொஸ்தகம் எதனா வந்துச்சா"ன்னு கேட்டாலே தனியா எடுத்து வச்ச கட்ட நீட்டறார். எடை ரேட்டுக்கு மேல கொஞ்சம் சேத்துக் குடுங்க, அடுத்த தடவ நமக்குன்னு எடுத்து வைப்பார். ஞாயித்துக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல காட்பாடியில ஏறி சென்னை போயி திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைங்கள பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடலாம்.

என்ன தேடறது? சங்கீதம்னா சென்னையில 1983-ல என். பட்டாபிராமன் ஆரம்பிச்ச ஸ்ருதி, இங்கிலீஷ் மாசப் பத்திரிகை, ஒரே வித்வான பத்தி பக்கம் பக்கமா போவும். மியூசிக் அகாடமியோட ஜர்னல் 1930-ல இருந்து வந்தது, கொஞ்சம் கனமான படிப்பு. தமிழ்ல வார இதழ்களும் தீபாவளி மலர்களும்தான் பொக்கிஷம், 1930-கள்ல ஆனந்த விகடன்ல கல்கி 'கர்நாடகம்'ங்கற பேர்ல எழுதின ஆடல் பாடல் பகுதி, அப்புறம் ஸ்வரக் குறிப்போட பாட்டு போட்ட இதழ்கள். ராக், மேற்கத்திய பாட்டுன்னா அலகாபாத்ல 1993-ல அமித் சைகல் ஆரம்பிச்ச ராக் ஸ்ட்ரீட் ஜர்னல், 2008-ல வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா, இதெல்லாம் அந்த ஹாஸ்டல் கட்டுலதான் தேடணும். சினிமா பாட்டுப் புத்தகத்த மறந்துடாதீங்க, தியேட்டர் வாசல்ல வித்த அந்த மெல்லிசு நோட்டு, கதைய பாதி சொல்லிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடியும், பத்திரிகை இல்லதான், ஆனா அத தூக்கிப் போட எனக்கு மனசு வராது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல இந்த மாதிரி பாட்டுப் புத்தகங்கள சேத்து பாதுகாக்கறாங்க, போயி பாருங்க.

வாங்கறப்ப நடுப்பக்கத்த பிரிச்சு பாருங்க. பாடகர் படம் அங்கதான் வரும், அதத்தான் யாராவது கிழிச்சு செவுத்துல ஒட்டியிருப்பாங்க. தேதி போட்ட அட்டை இருக்கான்னும் பாருங்க, தேதி போயிடுச்சுன்னா பாதி உயிர் போயிடுச்சு.

ஏன்னு சொல்றேன். வாணி ஜெயராம் நம்ம வேலூர்ல 1945-ல பொறந்தவங்க. இப்ப நெட்ல தேடினா 2023-ல பத்மபூஷண் வந்தது, அடுத்த மாசமே அவங்க போயிட்டது, அங்கிருந்து பின்னாடி பாத்துதான் எல்லாரும் எழுதறாங்க. 1971-ல 'குட்டி'ங்கற இந்திப் படத்துல பாடி வடக்குல பேர் வாங்கினப்ப எழுதினவங்களுக்கு அவங்க புதுசா வந்த ஒரு குரல், அவ்ளோதான், மேல என்ன ஆவும்னு ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி தெரியாம எழுதினத படிக்கறதுலதான் ருசியே இருக்கு, தப்பா கணிச்சிருப்பாங்க, ஒரு பெரிய பாட்ட ஒரே வரியில கடந்து போயிருப்பாங்க, பக்கத்துல ரேடியோ விளம்பரம் இருக்கும், அடுத்த பக்கத்துல இப்ப யாருக்குமே நெனப்பில்லாத ஒருத்தர் பெரிய படத்தோட இருப்பார். இணையத்துல நாம கேட்டதுதான் வரும், இதுல கேக்காதது வந்து மடியில விழும். அதனால தயவு செஞ்சு வேணும்ங்கற கட்டுரைய மட்டும் கத்தரிச்சு ஃபைல் போடாதீங்க, எங்கப்பா அப்படி வெட்டி ஒட்டின நோட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு, எந்த பத்திரிகை எந்த வருஷம்னு ஒண்ணுக்கும் தடயம் இல்ல, பின்பக்கம் பாதி வாக்கியத்தோட நிக்குது.

இனி பாதுகாக்கறது, நம்ம ஊருக்கு இதுதான் பெரிய வேலை. மே மாசம் 40 டிகிரி தாண்டற ஊர்ல ஓட்டுக்கு கீழ பரண், மாடி ரூம் பீரோ ரெண்டும் ஆவாது. சாதா நியூஸ் பிரிண்ட் தாள் மரக்கூழ்ல பண்றது, அதுல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாவும், சூடு சேந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். கீழ்வீட்டுல வெயில் படாத ரூம்ல, வெளிச்செவுத்த ஒட்டாம, தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல படுக்க வச்சு அடுக்குங்க, ஒரு அடுக்குக்கு இருபது இதழுக்கு மேல வேணாம். நடுவுல இருக்கற பின் துருப்பிடிச்சிருந்தா மெதுவா நிமித்தி எடுத்துட்டு வெள்ளை நூலால தைச்சிடுங்க. கிழிஞ்ச எடத்துல செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க, நாலு வருஷத்துல பசை பழுப்பா ஊறி எழுத்தையே தின்னுடும். பைண்டிங் குடுத்தா ஓரத்த மெஷின்ல வெட்ட வேணாம்னு ரெண்டு தடவ சொல்லுங்க, பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கச் சொல்லுங்க, பூச்சி அண்டாது.

பூச்சின்னா ராமபாணம்தான், அந்த வெள்ளி கலர்ல ஓடற சின்னது, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பெருகும். கடையில இருந்து வந்த புது கட்ட நேரா அலமாரியில வைக்காதீங்க. பாலிதீன் கவர்ல காத்து போவாம கட்டி ஃபிரிட்ஜ் ஃபிரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் கவர பிரிக்காம ஒரு நாள் விடுங்க, இல்லன்னா தாள்ல தண்ணி கோத்துக்கும். பாச்சா உருண்டைய தாளுக்குள்ள போட வேணாம், அந்த வாடை மனுஷனுக்கே நல்லதில்ல, காஞ்ச வேப்பிலையோ வசம்போ துணிப்பையில முடிஞ்சு அலமாரி மூலையில வைங்க.

போன வருஷம் எனக்கு ஒரு பார்சல் மழையில நனைஞ்சு வந்துச்சு, வழவழன்னு இருக்கற ஆர்ட் பேப்பர், அப்படியே காய விட்டா பக்கமெல்லாம் ஒண்ணா ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடும். ஈரம் இருக்கறப்பவே ஒவ்வொரு பக்கமா பிரிச்சு நடுவுல வெள்ளைத் தாள் வச்சு ஃபேன் கீழ காய வைக்கணும், தாள அப்பப்ப மாத்தணும், வெயில்ல வைக்கவே கூடாது. ராத்திரி பூரா முழிச்சிகினு பண்ணேன், நாலு பக்கம் தவிர எல்லாம் தப்பிச்சுது.

புதுசா வர்றதுக்கும் சந்தா கட்டுங்க. லண்டன் கிராமபோன் பத்திரிகை 1923-ல ஆரம்பிச்சது இன்னும் அச்சுல வருது, 1952-ல வந்த என்எம்இ, அதுவும் இங்கிலாந்து பாட்டுப் பத்திரிகைதான், 2018-ல வாரப் பத்திரிகைய நிறுத்திட்டு 2023-ல திரும்ப அச்சுக்கு வந்துச்சு, படிக்க ஆள் இருந்தா வரும்.

படிக்கறதுக்கு என் வழக்கம் இது. ஒரு வாரத்துக்கு ஒரே இதழ், மொதல் பக்கத்துல இருந்து கடைசி விளம்பரம் வரைக்கும். ஒரு பாட்டு பேரோ ராகமோ வந்தா அங்கயே நிறுத்தி போன்ல போட்டு கேப்பேன், விமர்சகர் சொன்ன எடம் வர்றப்ப காத தீட்டிப்பேன், ஒத்துக்கலன்னா ஓரத்துல பென்சில்ல எழுதிப்பேன், பேனா கூடாது. தனியா ஒரு நீள நோட்டுல ஆள் பேரு, பத்திரிகை, மாசம், பக்கம் எழுதி வரேன், வேலூர், ஆற்காடு, வாலாஜான்னு நம்ம பக்கத்து ஊர் பேரு வந்தா சிவப்பு பென்சில். இரவல் குடுத்தா தேதியும் அதே நோட்டுல ஏறும். தொரப்பாடியில மிருதங்கம் கத்துக்கற பையன் ஒருத்தன் போன மாசம் ஒரு இதழ் எடுத்துட்டு போனான், ராமபத்ரன் பேர் வர்ற பக்கத்துல பஸ் டிக்கெட்ட அடையாளம் வச்சு திருப்பிக் குடுத்தான், அடுத்தது எதுன்னு கேட்டு அந்த நோட்டையே இப்ப வாங்கிட்டு போயிருக்கான்.