சின்னப் பெக்கோவின் பைனல் டிரைவ்: ஒயில் மாற்றுவதும் செயின் இறுக்குவதும்

போன மாரிக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு மலசலகூடக் குழி வெட்டப் போனேன். மூன்று தொன் பெக்கோ, அதாவது மண் வெட்டி அள்ளும் மெசின்; சில்லுக்குப் பதிலாக றப்பர் செயினில் ஓடுவது. கடலைப் பார்த்த காணி, முன்பு மீன் வாடி இருந்த இடம். மணலுக்குள் பழைய வலைத் துண்டுகள் புதைந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் வேலையை முடித்து, காசையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று கிழமை கழித்து தம்பலகாமத்தில் வாய்க்கால் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது வலப்பக்கச் செயின் உறுமத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், செயினைச் சுற்றும் பல்லுச் சக்கரத்துக்குப் பின்னால் நைலோன் நூல் கயிறாகத் திரண்டு சுற்றியிருந்தது. அது ஒயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல் வளையத்தை அறுத்து, உள்ளிருந்த ஒயில் எப்போதோ வடிந்து முடிந்திருந்தது. கியர்ப் பற்கள் கிழவன் வாயைப் போல இருந்தன. அந்த ஒரு பக்கத்துக்குக் கொடுத்த காசில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கலாம்.

எஞ்சின் ஒயிலை நாள் தவறாமல் பார்க்கிறவர்கள்கூடச் செயின் பக்கம் குனிவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். புதிதாக மெசின் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரை நாள் போதும், பெரிய சாமான் எதுவும் தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

செயினைச் சுற்றும் பல்லுச் சக்கரம்தான் ஸ்ப்ரொக்கட். அதன் நடுவில் உருண்டையாக, மூடி போட்ட பானை போல இருப்பது பைனல் டிரைவ். அதற்குள் இரண்டு சாமான். ஒன்று ஹைட்ரோலிக் மோட்டார், இது ஒயில் அமுக்கத்தால் வேகமாகச் சுற்றும். மற்றது பிளானட்டரி கியர். நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றி மூன்று நான்கு கியர்கள். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றுவது இதன் வேலை. மோட்டாருக்குள் ஓடுவது ஹைட்ரோலிக் ஒயில். பிளானட்டரி கியர் குளிப்பது தனியான கியர் ஒயிலில். இரண்டும் கலக்கக்கூடாது.

சுற்றும் பாதிக்கும் சுற்றாத பாதிக்கும் நடுவில்தான் அந்தச் சீல். கண்ணாடி போலத் தேய்த்த இரண்டு உருக்கு வளையங்கள் முகத்தோடு முகம் உரசி நிற்கும். பின்னால் இரண்டு றப்பர் வளையங்கள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். ஒயிலை உள்ளேயும் மணலை வெளியேயும் நிறுத்துவது அவ்வளவுதான். நூல், கம்பி, காய்ந்த சேறு எது அந்த இடுக்கில் இறுகினாலும் சீல் முடிந்தது.

நம்முடைய மண்ணும் லேசானதல்ல. புல்மோட்டைக் கரையில் மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது? இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் போன்ற கனிமங்கள் அதில் இருக்கின்றன. இவற்றில் சேர்க்கோன் சாதாரண இரும்பைக் கீறும். நிலாவெளி, உப்புவெளி வெள்ளை மணலும் சும்மா இல்லை. குவாட்ஸ் என்றாலே அரத்தாள் மாதிரித்தான். அதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் சேர்க்க வேண்டியவை

கியர் ஒயில், மெசின் புத்தகத்தில் என்ன தரம் எழுதியிருக்கிறதோ அது. பல சின்ன மெசின்களுக்கு 90 நம்பர் அல்லது 80டபிள்யூ-90 கேட்பார்கள். சில கம்பனிகள் எஞ்சின் ஒயிலே போடச் சொல்கின்றன. கடைக்காரர் சொன்னார் என்று போடாதீர்கள். அளவும் மெசினுக்கு மெசின் மாறும். இந்தச் சைஸ் மெசின்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு லீற்றருக்குள்தான் பிடிக்கும். எலன் கீ செட், சொக்கட் செட், பழைய பேசின் ஒன்று, வாய் ஒடுங்கிய போத்தலும் ஒரு முழம் ரியூப்பும், பிளக்குக்குப் போடும் புதிய வொஷர் அல்லது ஓ-றிங் (றப்பர் வளையம்), கிறீஸ் கன், இரும்பு ஸ்கேல், இரண்டு மூன்று சிலிப்பர் கட்டைகள் (தண்டவாளத்துக்கு அடியில் போடும் தடித்த மரக்கட்டை), துணி. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் உபயோகம் பின்னால் வரும்.

படி 1: கழுவி, பின்பக்கம் பார்

நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரையில் வேலை செய்த அன்றே கழுவுவது இன்னும் நல்லது. தண்ணீரை வேகமாக அடிக்கும்போது சீல் இடுக்குக்கு நேரே பிடிக்காதீர்கள். இருக்கிற மணலை நாமே உள்ளே தள்ளிவிடுவோம்.

சமமான இடத்தில் நிறுத்தி, பக்கெட்டையும் முன் பிளேடையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை உங்கள் பொக்கெற்றில் போடுங்கள். பிறகு டோர்ச் அடித்து ஸ்ப்ரொக்கட்டின் உள்பக்கம், சட்டத்தோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். வலை நூல், தூண்டில் நைலோன், சாக்கு இழை, முள்ளுக்கம்பி எது இருந்தாலும் கத்தியால் அறுத்துக் கொக்கியால் இழுத்து எடுங்கள். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு மணல் ஒட்டியிருந்தால் சீல் ஏற்கனவே கசிகிறது. காய்ந்த மணலாக இருந்தால் தப்பினீர்கள். இந்த ஒரு படியை மட்டும் கிழமைக்கு ஒருதரம் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

ஸ்ப்ரொக்கட் பற்களையும் அப்படியே பார்த்துவிடலாம். தேய்ந்த பல் ஒரு பக்கம் வளைந்து சுறாவின் முதுகுச் செட்டை போல இருக்கும். அப்படி ஆகிவிட்டால் புதுச் செயின் போட்டும் பயனில்லை, அதையும் தின்றுவிடும். சுற்றியுள்ள போல்ட்டுகளில் ஒன்றாவது இளகியிருக்கிறதா என்று ஸ்பனர் போட்டுப் பாருங்கள்.

படி 2: பழைய ஒயிலை இறக்கு

முதலில் மெசினை ஐந்து பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒயில் இளஞ்சூடானால் லேசாக வடியும், தூளும் கூடவே வரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

மூடியில் இரண்டு அல்லது மூன்று பிளக் இருக்கும். பெரும்பாலான சின்ன மெசின்களில் மூடியும் ஸ்ப்ரொக்கட்டோடு சேர்ந்தே சுற்றும். அதனால் மெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு பிளக் மணிக்கூட்டின் 6 இருக்கும் இடத்துக்கும் மற்றது 3 அல்லது 9 பக்கமும் வரும்படி நிறுத்த வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் தள்ளி நின்று கையால் காட்டுவது நல்லது. நிறுத்தியதும் முன்போலப் பக்கெட்டும் பிளேடும் தரையில், எஞ்சின் நின்று, திறப்பு பொக்கெற்றில்.

பேசினை வைத்து, முதலில் பக்கத்துப் பிளக்கை மெதுவாக இளக்குங்கள். உள்ளே அமுக்கம் இருந்தால் சீறும். அது அடங்கிய பிறகு கழற்றுங்கள். கீழ்ப் பிளக்கைத் தொடுவது அதற்குப் பிறகுதான். பக்கத்துப் பிளக்கே இளகாத மெசினில் கீழே உள்ளதை முதலில் கழற்றினால் ஒயில் எல்லாம் போய்விடும், ஊற்ற வழி இருக்காது.

படி 3: ஒயிலைப் படி

ஊற்றி எறிந்துவிட வேண்டாம். மெசின் தன் வருத்தத்தைச் சொல்கிற இடம் இது.

ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பசை போல வழுவழுப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. நெறுநெறுவென்றால் மணல் உள்ளே போயிருக்கிறது. காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பேசினுக்குள் துழாவுங்கள். கண்மை போல மெல்லிய தூள் பிடித்தால் சரி. மீன் செதில் போலத் தகடு தகடாக வந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது, அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பையை உட்புறமாகத் திருப்பினால் தூள் பைக்குள் வந்துவிடும், காந்தம் சுத்தம்.

பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். சீல் வழியாக வந்திருக்கும், இல்லாவிட்டால் பிளக்கின் ஓ-றிங் கெட்டிருக்கும்.

அளவையும் பாருங்கள். குறைவாக இருந்தால் வெளிச்சீல் கசிகிறது. பக்கத்துப் பிளக்கைத் திறந்ததுமே நிறையக் கொட்டி, அதுவும் நீர்த்துப்போய் இருந்தால், மோட்டாருக்குள் இருக்கும் சீல் போய் ஹைட்ரோலிக் ஒயில் இந்தப் பக்கம் வருகிறது. இதற்கு ஒயில் மாற்றுவது மருந்தல்ல. சில மெசின்களில் மோட்டாரின் கசிவு ஒயில் திரும்பிப் போகும் குழாயில் ஒரு சின்ன பில்டர் இருக்கும். அது அடைத்தாலும் அமுக்கம் கூடி இந்தச் சீல்தான் வெடிக்கும். மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: புது ஒயில்

கீழ்ப் பிளக்கைத் துடைத்து, புது வொஷர் போட்டு இறுக்குங்கள். பக்கத்து ஓட்டையில் ரியூப்பைச் செருகி, போத்தலைக் கவிழ்த்து, பொறுமையாக ஊற்றுங்கள். கியர் ஒயில் கித்துள் பாணி போல மெதுவாகத்தான் இறங்கும். ஓட்டையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் போதும். ஐந்து நிமிடம் விட்டு, குறைந்தால் இன்னும் கொஞ்சம் விட்டு மூடுங்கள். மூன்று பிளக் உள்ளதில் மேலே ஊற்றி நடுவில் வழியும்வரை பார்க்க வேண்டும். மற்றப் பக்கத்துக்கும் இதே வேலைதான்.

பழைய ஒயிலை மூடியுள்ள ஒரு கலனுக்குள் ஊற்றி வையுங்கள். மணலில் ஊற்றாதீர்கள். கரையோரத்தில் தண்ணீர் சில அடியிலேயே இருக்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம்.

படி 5: செயின் இறுக்கம்

மேற்பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி அமுக்கினால் அந்தப் பக்கச் செயின் எழும்பும். உடனே சட்டத்துக்குக் கீழே சிலிப்பர் கட்டையைக் கொடுங்கள். ஹைட்ரோலிக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் கைவைக்கக் கூடாது. ஆட்களைத் தள்ளி நிற்க வைத்து, தூக்கிய செயினை முன்னும் பின்னும் ஓட்டிச் சேற்றை உதறுங்கள். றப்பர் செயினில் பொருத்து இருக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அது மேலே நடுவில் வரும்படி நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, கீழே செயினைத் தாங்கும் உருளைகளில் நடு றோலருக்கும் செயினுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். என் மெசின் புத்தகத்தில் 10 முதல் 15 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. உங்களுடையதில் வேறாக இருக்கலாம். தொய்ந்திருந்தால் திரும்பும்போது செயின் கழன்றுவிடும். அதிகம் இறுக்கினால் பேரிங்கும் மோட்டாரும் தேயும்.

இறுக்குவது லேசு: சட்டத்தின் பக்கத்து ஓட்டைக்குள் இருக்கும், கிறீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்து கிறீஸ் கன்னால் அடியுங்கள்.

இளக்குவதில்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் கிறீஸ் பயங்கர அமுக்கத்தில் இருக்கும். நுனியில் இருக்கும் சின்ன நிப்பிளைக் கழற்றாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் பெரிய வால்வைத்தான் மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இளக்க வேண்டும். முகத்தை அதற்கு நேரே வைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கிறீஸ் வரவில்லை என்றால் இன்னும் திருகாமல், கையை எடுத்து, ஒதுங்கி நின்று செயினைக் கொஞ்சம் ஓட்டுங்கள், வரும். பீய்ச்சியடித்த கிறீஸ் தோலுக்குள் போனால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்கவும் வலிக்காது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே பெரியாஸ்பத்திரி.

றோலர்களில் நிப்பிள் இருக்காது, உள்ளே ஒயில் போட்டு அடைத்தவை. செயின் தூக்கியிருக்கும்போதே ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள், எண்ணெய்க் கறை இருந்தால் குறித்து வையுங்கள். றப்பரில் வெட்டு விழுந்து உள்ளே கம்பி தெரிந்தால் கடற்கரை வேலையை ஒத்திப்போடுங்கள், உப்புத் தண்ணீர் அந்தக் கம்பியை அரித்துவிடும்.

படி 6: ஓட்டிப் பார்

நேரான வெறும் தரையில் பத்து மீற்றர் முன்னே, பத்து மீற்றர் பின்னே. தடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் இரண்டு செயினின் இறுக்கமும் ஒன்றா என்று அளக்கவும். அது சரியாக இருந்தும் இழுத்தால் மெக்கானிக் வேலை, மோட்டாரை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக் இரண்டையும் துணியால் ஒற்றிக் கசிவு பார்த்துவிட்டு, மெசின் ஓடிய மணித்தியாலத்தை மணி மீற்றரில் பார்த்து அந்த எண்ணைக் கதவின் உள்பக்கம் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். புது மெசினுக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வரும், சிலதுக்கு 50 மணித்தியாலத்திலேயே. அடுத்தவை 500 அல்லது 1000 மணிக்கு என்று புத்தகத்தில் இருக்கும். கடற்கரையிலும் வயற்சேற்றிலும் உழைக்கிற மெசினுக்கு நான் அதில் பாதியில் மாற்றுகிறேன்.

இப்போது கரையோர வேலை வந்தால், லொறியிலிருந்து மெசினை இறக்குமுன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு காணியைச் சுற்றி வருகிறேன். போன தரம் அரைச் சாக்கு வலைத் துண்டு சேர்ந்தது. வாடிக்காரர் ஒருவர், "தம்பி, பெக்கோ வேலையை விட்டுப் பழைய வலை வாங்கத் தொடங்கிட்டீரோ?" என்று கேட்டார். சாக்கை அவரிடமே கொடுத்துவிட்டு மெசினை இறக்கினேன்.