வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்: கூரை வாட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோத்தகிரிக்கு அருகே ஒரு வீட்டில், கார் ஷெட்டின் சுவர்களை முழு உயரத்துக்கும் எழுப்பி முடித்த பிறகு, கையில் டேப்புடன் நின்று, "இனி எவ்வளவு வாட்டம் கிடைக்கும் அண்ணா?" என்று ஓர் இளம் பொறியாளர் என்னிடம் கேட்டார். வாட்டம் என்றால் கூரையின் சரிவு. பல ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் இதே கட்டத்தில் நின்று இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ஷீட்டில் ஸ்க்ரூவை எங்கே இறக்குவது, ஓட்டையோ ஷீட்டையோ தாங்கும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது போன்றவற்றை அனுபவமுள்ள எந்த ஆசாரியும் சொல்லிவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சுவரை எழுப்பிவிட்டு வாட்டத்தைத் தேடுவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். வீட்டின் பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஒற்றைச் சரிவுக் கூரைக்கு மேல் எல்லை ஒன்றும் கீழ் எல்லை ஒன்றும் உண்டு. மேலே வீட்டுக் கூரையின் இறவாரம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கீழ் விளிம்பு, தடுக்கிறது. கீழே ஷட்டரின் உயரம் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே மிஞ்சுவது மட்டுமே வாட்டத்துக்குக் கிடைக்கும்.

குன்னூர் வீட்டில் இறவாரம் தரையிலிருந்து பத்தரை அடியில் இருந்தது. சுவரும் கூரையும் சேரும் இடுக்கை மூடும் ஃப்ளாஷிங் தகரத்துக்கு அரை அடி ஒதுக்கியதும் கூரையின் மேல் விளிம்பு 10 அடியில் நின்றது. ஷட்டர் 7 அடி, அதற்கு மேல் திறப்பைத் தாங்கும் லிண்டல் அரை அடி என்று கீழ் விளிம்பு ஏழரை அடிக்கு வந்தது. ஷெட்டின் அகலமோ 12 அடி. பன்னிரண்டு அடி ஓட்டத்துக்கு இரண்டரை அடி ஏற்றம் என்றால் 12 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. வீட்டில் இருப்பது மங்களூர் ஓடு என்பதால் ஷெட்டிலும் அதுவே வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா விரும்பினார். அந்த வாட்டத்திலேயே நானும் ஓட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மங்களூர் ஓட்டை எந்தப் பசையும் பிடித்து வைப்பதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறிப் படிந்திருப்பதும் தண்ணீர் வேகமாக இறங்குவதும்தான் அதன் காப்பு. வாட்டம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக நகர்கிறது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தின் மெல்லிய இடுக்கு அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. எதிர்க்காற்று மீதியைத் தள்ளி உள்ளே விடுகிறது. இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஓடும் கீழே உள்ள ஓட்டின் மேல் ஏறிப் படுப்பதால், ஓட்டின் வாட்டம் கூரையைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தின் வாட்டத்தைவிட எப்போதும் சில டிகிரி குறைவாகவே இருக்கும். கைமரத்தில் 12 டிகிரி என்றால் ஓட்டில் அதுகூடக் கிடைக்காது.

இத்தனைக்கும் மேலாக, வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஷெட்டின் மேல்தான் வடிந்தது. 30 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட அந்தப் பக்கத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கும் மேலான தண்ணீர் கீழே இறங்கும். ஷெட்டின் மேல் நேராகப் பெய்யும் மழையை மட்டும் நினைத்துக் கூரை போட்டவனுக்கு அந்த இரண்டாயிரம் லிட்டர் நினைவில் இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அந்த அம்மா அழைத்தார். படுக்கையறைச் சுவரில், புத்தக அலமாரிக்குப் பின்னால், தேநீர்க் கறையைப் போன்ற பழுப்புக் கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. ஷெட்டின் மேலேறி மூன்றாவது வரிசை ஓட்டைத் தூக்கினேன். ரீப்பர் கறுத்து ஊறியிருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தியதும் நகம் மரத்துக்குள் இறங்கியது. ஓடுகள் முழுவதையும் என் செலவில் இறக்கினேன். ரீப்பர்களை மாற்றி, பூச்சுத் தகர ஷீட்டை நடுவில் இணைப்பே இல்லாமல் 14 அடி ஒரே நீளமாக வெட்டி வாங்கிப் போட்டு, வீட்டின் இறவாரத்தில் தண்ணீரைத் தனியே கொண்டுபோகும் தகரத் தொட்டியையும் குழாயையும் பொருத்திய பிறகே ஒழுகல் நின்றது. வீட்டோடு ஒத்துப்போகும் ஓட்டுக் கூரை வேண்டும் என்ற அந்த அம்மாவின் ஆசையை மட்டும் என்னால் நிறைவேற்ற முடியவில்லை.

இதை வரைபடத்திலேயே தீர்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். மங்களூர் ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடி ஏற்றம், அதாவது சுமார் 26 டிகிரி வேண்டும். அதற்குக் குறைந்தால் இப்போது நான் ஒப்புக்கொள்வதில்லை. ஷெட்டை 10 அடி அகலத்தில் நிறுத்தினால் 5 அடி ஏற்றம் போதும். மலைச்சரிவில் வெட்டிய மனைகளில் ஷெட்டின் தரையை வீட்டுத் தரையைவிட இரண்டரை அடி தாழ்த்துவது பெரும்பாலும் இயல்பாகவே முடியும். அப்போது மேல் விளிம்பு புதுத் தரையிலிருந்து பன்னிரண்டரை அடியில் நிற்கும். ஐந்தைக் கழித்தால் ஷட்டருக்கு வேண்டிய ஏழரை அடி அப்படியே கிடைக்கிறது. தாழ்த்திய தரையில் மண்ணை ஒட்டிய சுவர்ப் பக்கமாக வடிகால் விட மறக்கக் கூடாது. தரையைத் தாழ்த்த வழியில்லை என்றால், தொடக்கத்திலேயே தகர ஷீட் என்று முடிவு செய்து வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டின் முக்கோணச் சுவர்ப் பக்கமாக ஷெட்டைச் சேர்க்க இடம் இருந்தால் அதுவே மேல். அங்கே இறவாரம் தடுப்பதில்லை, வீட்டுக் கூரையின் தண்ணீரும் வந்து விழுவதில்லை.

வீட்டுச் சுவரை நோக்கி வாட்டம் விடுவது

எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து 45 டிகிரி கேட்பது

அந்த வாட்டம் கூரையில் குவியும் வெண்பனியைச் சரித்துத் தள்ளுவதற்காக ஏற்பட்டது. நீலகிரியில் படிவது உறைபனி; அதற்குச் சுமை இல்லை.

அடுத்த ஊரின் மழையைக் கணக்கில் வைப்பது

கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களே கடுமையானவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானபோது மாவட்டம் முழுவதும் அப்படிப் பெய்துவிடவில்லை. ஆகவே உங்கள் மனையில் பெருமழை எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து சாய்ந்து அடிக்கிறது என்பதை அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைச் சரிவின் தாழ்ந்த விளிம்பு அந்தத் திசையைப் பார்த்து நின்றால், ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவை 6 அங்குலத்தோடு நிறுத்தாமல் ஓரடி வரை கூட்டுங்கள். விளிம்பின் அடியில் புகும் காற்று ஷீட்டைத் தூக்காதபடி கடைசி ரீப்பரில் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடுங்கள்.

தகரம்தானே என்று வாட்டத்தைச் சுருக்குவது

தகர ஷீட் 5 டிகிரியில்கூடத் தண்ணீரை வடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் மூடுபனி இறங்கும் இரவுகளில் ஷீட்டின் அடிப்பக்கத்திலும் தண்ணீர் கோக்கிறது. வாட்டம் போதுமானதாக இருந்தால் அந்தத் துளிகள் ஷீட்டை ஒட்டியே வழிந்து ஓரத்துக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்கின்றன. குறைவாக இருந்தால் ஒவ்வொரு ரீப்பரிலும் தேங்கிக் காரின் மேல் சொட்டுகின்றன. இங்கே 10 டிகிரிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

கோத்தகிரி ஷெட்டில் தரை இன்னும் போடப்படவில்லை, அஸ்திவாரமும் ஆழமாகவே இருக்கிறது. அதனால் தரையை இரண்டடி தாழ்த்தி, வெளிச்சுவரின் மேல் நான்கு வரிசைக் கல்லை இறக்கிவிடச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே மேஸ்திரி முதல் கல்லைப் பெயர்த்துவிட்டார்.