வடசென்னையைச் சுற்றிப் பார்க்க ரூம் போடுவது எப்படி?

ராயபுரம் ஸ்டேஷன், ஐ.சி.எஃப். ரயில் மியூசியம், பின்னி மில் என்ற பழைய துணி ஆலை இருந்த தெருக்கள், காசிமேட்டு மீன் ஏலம். இதையெல்லாம் பார்க்க வருகிறோம், எங்கே தங்கலாம் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். சென்னை என்றாலே மெரினா, மகாபலிபுரம் என்று கிளம்பிவிடுகிறவர்களுக்கு நடுவில் இப்படிக் கேட்க ஆள் இருப்பதே சந்தோஷம். வீட்டு விசேஷங்களுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ரூம் போட்டுக் கொடுத்துப் பழகியதில் தேறிய வழி இது.

1. ஏரியா

பாரிமுனை, மண்ணடி. வேறு யோசனையே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோ இங்கே நிற்கிறது. பீச் ஸ்டேஷன் பக்கத்தில். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். மேப்பில் தூரம் கம்மியாகத் தெரிகிறதே என்று காசிமேடு பக்கம் லாட்ஜ் தேடாதீர்கள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் ஆட்டோ நகராது.

2. விலை

ஆப்பில் பாருங்கள், போட்டோவை நம்பாதீர்கள், லாட்ஜுக்கே போன் போட்டுப் பேசுங்கள்.

3. போனில் கேட்க வேண்டியது

ஏசி, வெந்நீர், லிஃப்ட் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி: "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?"

தென்மாவட்ட ரயில்கள் பல விடியற்காலையில்தான் எழும்பூர் வந்து சேரும். 5 மணிக்கு ரூமுக்குள் போகிறீர்கள் என்று வையுங்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால் மறுநாள் 5 மணி வரை ஒரு நாள் வாடகை. 12 மணிக் கணக்கு என்றால் அன்றைக்குப் பகலிலேயே உங்கள் முதல் நாள் முடிந்துவிடும். மாலை வரை இருந்தாலே இரண்டு நாள் பில் வரும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வாசல் போர்டில் '24 மணி நேரம்' என்று எழுதியிருக்கும் லாட்ஜிலேயே, ஆப் வழியாகப் புக் செய்தவர்களுக்கு 12 மணிக் கணக்கு போடுவார்கள். ரிசப்ஷனில் வாதாடிப் பயனில்லை. அட்வான்ஸ் ரசீதில் உள்ளே வந்த நேரத்தையும் காலி செய்யும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு மாடி ஏறுங்கள்.

4. சுற்றும் வரிசை

இருட்டோடு எழுந்து காசிமேடு. வெயில் ஏறிய பிறகு போனால் ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கும். வரும் வழியில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண்களை வெளியே ரோட்டில் நின்று பாருங்கள், அந்தப் பக்கம்தான் அழகு.

ரயில் மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பெரம்பூர் என்ற பெயரில் அடுத்தடுத்து மூன்று ஸ்டேஷன்கள் உண்டு: பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ். குழம்ப வேண்டாம், பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ இறங்கி, "ஐ.சி.எஃப். மியூசியம்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள்.

பின்னி மில்லில் டிக்கெட் வாங்கி உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அதைப் படித்துவிட்டு அந்தத் தெருக்களில் நடங்கள். சாயங்காலம் திரும்பினால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப்.

பின்னால் சேர்த்தது

பின்னூட்டத்தில் வந்தவை. ஆதாரில் சென்னை முகவரி இருந்தால் பல லாட்ஜுகள் ரூம் தராது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று காரணம் சொன்னாலும் தலையாட்ட மாட்டார்கள்; போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். 'சி' படிவம் என்பது அதன் பழைய பெயர். அந்த வேலைக்குப் பயந்தே சின்ன லாட்ஜுகளில் "ரூம் காலியில்லை" என்பார்கள். "சி ஃபார்ம் போடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இழுத்தால், சென்ட்ரல் அல்லது எழும்பூர் பக்கம் கொஞ்சம் பெரிய ஓட்டலாகப் பாருங்கள். மெட்ரோவில் வந்து போவது ஒன்றும் கஷ்டமில்லை.