நான்கு ஆண்டுக் கணிதப் பாடவரிசை: நான் செய்து பார்த்துவிட்ட தவறுகள்

புதிதாக வேலையில் சேர்ந்த இரண்டு கணித ஆசிரியர்கள் போன மாதம் ஒரு அட்டவணையோடு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்த ஆண்டில் எந்தக் கணிதம் என்று அழகாகக் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் 'நுண்கணிதம்' (கால்குலஸ்) என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார்கள். பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே அட்டவணை. என் தவறுகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன, சிவப்பு மை உட்பட.

அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேர்வுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

பாடநூலின் பொருளடக்கத்தை அப்படியே வரிசையாக எடுத்துக்கொள்வது

பொருளடக்கம் புத்தகத்துக்கான ஒழுங்கு. எது தெரிந்தால் எது புரியும் என்பது வேறு கணக்கு. ஒரு பெரிய தாளில் தலைப்புகளை எல்லாம் எழுதி, எதிலிருந்து எது வருகிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.

முக்கோணவியலுக்கு அம்பு எங்கிருந்து வருகிறது? வடிவொத்த முக்கோணங்களிலிருந்து. ஒரு செங்கோண முக்கோணத்தில் 30 பாகைக் கோணம் இருந்தால், முக்கோணம் எவ்வளவு பெரியதானாலும் அந்தக் கோணத்தின் எதிர்ப்பக்கம் கர்ணத்தில் பாதிதான். அதனால்தான் 'சைன் 30' என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்ல முடிகிறது. வடிவொத்த முக்கோணத்தைச் சரியாக நடத்தாமல் சைன், காஸ் மதிப்புகளை ஒப்பிக்க வைத்தால், மாணவர் மனதில் அது ஒரு பட்டியலாகவே தங்கிவிடும். மடக்கைக்கான (லாகரிதம்) அம்புகள் அடுக்குகளிலிருந்தும் நேர்மாறு சார்பிலிருந்தும் வருகின்றன. சார்பு என்றால் ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு விடையைத் தரும் விதி, அதைத் திருப்பிச் செய்வது நேர்மாறு.

எல்லாம் போட்டு முடித்த பிறகு, எந்தத் தலைப்பிலிருந்து அதிக அம்புகள் கிளம்புகின்றன என்று எண்ணுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் பின்னமும் விகிதமும்தான் முதலிடம், அடுத்தது சார்பு. நம் அட்டவணைகளில் மிகக் குறைந்த வாரங்கள் ஒதுக்கப்படுவதும் இவற்றுக்குத்தான்.

"இதெல்லாம் படிச்சாச்சா?" என்று கேட்டு ஆரம்பிப்பது

ஆச்சு என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

நுண்கணிதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, நடுவில் இருப்பதை நசுக்குவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என் மேல்தான்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமான வரிசை இப்படிப் போகும்: முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம், அப்புறம் நுண்கணிதம். படிகள் ஐந்து, உயர்நிலைப் பள்ளி ஆண்டுகள் நான்கு. அதனால் பன்னிரண்டில் நுண்கணிதம் வேண்டுமென்றால் முதல் இயற்கணிதத்தை எட்டாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும். பாடங்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறலாம், எல்லாம் கலந்தே நடத்தப்படலாம். ஐந்தை நான்கில் அடைக்கும் நெருக்கடி மட்டும் எங்கும் உண்டு. அடைக்க முடியாதபோது எதையாவது நசுக்குவோம். நசுங்குவது பெரும்பாலும், பின்னக் கோவைகளும் சார்புகளும் மடக்கையும் வருகிற அந்த இரண்டாம் இயற்கணிதம். வடிவியலுக்குப் படங்கள் இருக்கின்றன, நுண்கணிதத்துக்குப் பெயர் இருக்கிறது. இதற்கு இரண்டும் இல்லை.

நான் நசுக்கியது ஒரு கெட்டிக்காரப் பையனுக்காக. மனக்கணக்கில் வகுப்பில் யாரும் அவனை முந்த முடியாது. பதினொன்றிலேயே நுண்கணிதம் ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு ஆசை. நான் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன், ஒரு ஆண்டு இடித்தது. "விடுமுறையில் எட்டு வாரம் இருக்கிறதே, இரண்டாம் இயற்கணிதத்தை அதில் முடித்துவிடலாம்" என்று சொன்னது அவர் இல்லை, நான்.

முடித்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேர்வு வைத்தேன். எட்டிலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கினான். நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அப்புறம் பதினொன்றாம் வகுப்பு. முதல் சில வாரங்கள் ஓடிவிட்டன. அடுக்கை முன்னால் கொண்டுவந்து ஒன்றைக் குறைக்கும் வகையிடல் விதி யாருக்கும் சுலபமாக வரும் (வகையிடல் என்றால் ஒரு சார்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பது). பிறகு ஒரு நாள், ஒன்றின் கீழ் மாறி இருக்கும் சார்பை அடிப்படை வரையறையிலிருந்து வகையிடச் சொன்னேன். மாறியை க என்றும் அதில் வரும் சிறு மாற்றத்தை ச என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1/(க+ச) − 1/க என்பதைச் சுருக்கி, ச-ஆல் வகுத்து, ச பூச்சியத்தை நெருங்கும்போது என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியாகச் சுருக்கினால் −ச/(க(க+ச)). ச-ஆல் வகுத்தால் −1/(க(க+ச)). அப்படி நெருங்கிப் போய்ச் சேரும் மதிப்பு, அதாவது எல்லை, −1/க².

அவன் 1/(க+ச) என்பதை 1/க + 1/ச என்று பிரித்தான். 1/க அடிபட்டது. மிச்சம் 1/ச, அதை ச-ஆல் வகுத்து 1/ச². எல்லை முடிவிலி என்று எழுதி, விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தான். க-வுக்கும் ச-வுக்கும் ஒன்று ஒன்று போட்டுப் பார்த்திருந்தால் அரையும் இரண்டும் சமமாகாது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லை என்றால் என்னவென்று அவனுக்குப் புரிந்திருந்தது. நுண்கணிதம் என்று சொல்லத்தக்க பகுதியில் பிழையே இல்லை. பிழை இருந்தது விடுமுறையின் மூன்றாவது வாரத்தில். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், இதே மாதிரிக் கணக்கைச் சரியாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருந்தான்.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. என் வெள்ளிக்கிழமைத் தேர்வுகள் அந்த வாரம் நடத்தியதை மட்டும் கேட்டன. தாளின் மேலே 'விகிதமுறு கோவைகள்', அதாவது பின்ன வடிவக் கோவைகள், என்று நானே தலைப்பும் போட்டிருந்தேன். எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது, அதைச் செய்துகாட்டுவது மட்டும்தான் மாணவர் வேலை. நுண்கணிதத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்கின் நடுவே ஒரு பின்னம் வந்து நிற்கும், இங்கே பொதுப் பகுதி எடுக்க வேண்டும் என்று கை தானாகப் போக வேண்டும். ஓராண்டு வகுப்பில் ஒரு விஷயம் பலமுறை மறந்துபோகும், பலமுறை திரும்ப வரும். அப்படித்தான் அது கைக்குப் பழகுகிறது. எட்டு வாரத்தில் மறப்பதற்கே நேரமில்லை.

பின்னம் மட்டுமா? சைன்(க²) என்பதும் (சைன் க)² என்பதும் வேறு வேறு என்று சார்புகளின் சேர்ப்பை நடத்தும்போதே படிந்திருந்தால் சார்புக்குள் சார்பு இருப்பதை வகையிடும் சங்கிலி விதி ஒரு மணி நேர வேலை. படியவில்லை என்றால் அந்த விதி மந்திரம் மாதிரி ஆகிவிடும். வர்க்கமூலம் வரும் எல்லைக் கணக்குகளில் இணைக் கோவையால், அதாவது நடுவில் இருக்கும் குறியை மட்டும் மாற்றிய கோவையால், பெருக்க வேண்டும். அதிகபட்ச மதிப்பு கண்டுபிடிக்கக் காரணிப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் அவன் முட்டி நின்றான், ஒவ்வொரு முறையும் நாங்கள் பின்னால் போய் எடுத்துவந்தோம். மிச்சம் பிடித்த ஒரு ஆண்டில் பாதிக்கு மேல் அதிலேயே போயிற்று. நேரம் போனதைக்கூட விடுங்கள். கணக்கு தனக்கு வராது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். பன்னிரண்டு முடித்ததும் கணிதமே இல்லாத படிப்பாகத் தேடிப் போனான்.

"மற்ற பிள்ளைகள் முன்னால போயிடுறாங்களே சார்" என்று பெற்றோர் கேட்பார்கள். முன்னால் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடிவியலையும் இரண்டாம் இயற்கணிதத்தையும் ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்தில் நடத்தலாம். ஒன்றுக்கு மற்றொன்று பெரிதாகத் தேவைப்படாது, வேலை மட்டும் இரட்டிப்பாகும். இல்லையென்றால் ஒன்பதுக்கு முந்தைய வகுப்புகளில் சுருக்கலாம். அங்கே ஒரே எண்கணிதம் மூன்று தடவை திரும்ப வருகிறது, ஒரு தடவை குறைந்தால் குடிமுழுகாது. விடுமுறையில்தான் முடித்தாக வேண்டும் என்றால், முடித்த அன்று தேர்வு வைக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து, தலைப்பு போடாமல், எல்லாவற்றையும் கலந்து ஒரு தாள் கொடுங்கள். அதில் தேறினால் அடுத்த படிக்குப் போகட்டும்.

வடிவியல் ஆண்டில் இயற்கணிதத்தைப் பூட்டி வைப்பது

ஒரு முழு ஆண்டு வடிவியல், அப்புறம் மீண்டும் இயற்கணிதம் என்று போட்டால் திரும்பி வரும்போது துருப்பிடித்திருக்கும். இருபடிச் சமன்பாட்டைப் பார்த்துப் புதிதாக விழிப்பார்கள். ஆயத்தொலைவு வடிவியலை அந்த ஆண்டு முழுக்கத் தெளித்து வையுங்கள். வட்டத்தின் சமன்பாட்டை வைத்து மையம் கண்டுபிடிக்க வர்க்கப் பூர்த்தி செய்தாக வேண்டும். முக்கோணத்தின் நடுப்புள்ளித் தேற்றத்தை ஒருமுறை படம் போட்டு நிரூபித்தால், இன்னொரு முறை ஆயத்தொலைவுகளால் நிரூபிக்கச் சொல்லுங்கள். வாரம் ஐந்து கணக்கு போதும்.

நிரூபணங்களை வெட்டுவது

வெட்டாதீர்கள்.

ரேடியனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

பாகைக்குப் பதிலாக, வட்டத்தில் வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளப்பதுதான் ரேடியன். கோணத்தை எக்கச்சக்கமாகச் சிறிதாக்கி, அதன் சைனைக் கோணத்தால் வகுத்தால் என்ன வருகிறது என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதி வகுப்பு 1 என்றது. மீதிப் பாதி 0.01745 என்றது. இரண்டு கட்சிக்கும் சண்டை. இரண்டாவது கட்சியின் கால்குலேட்டர் பாகையில் இருந்தது. அந்த எண் வேறொன்றுமில்லை, பை-யை 180-ஆல் வகுத்தது. சைனை வகையிட்டால் காஸ் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. பாகையில் இந்த எண்ணும் ஒவ்வொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். ரேடியன் ஏன் என்று நுண்கணித வகுப்பில் விளக்க உட்காராதீர்கள், முக்கோணவியலின் நடுவிலேயே, அலகு வட்டத்தோடு சேர்த்துப் பழக்கிவிடுங்கள்.

வரலாறு போன வழியிலேயே போவது

எனக்கும் ஒரு காலத்தில் இந்த ஆசை இருந்தது. கேட்க நன்றாக இருக்கும். நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614-இல். இன்று நாம் எழுதுகிற மாதிரி எண்ணுக்கு மேல் அடுக்கை எழுதும் முறை தெகார்த்தேயால் 1637-இல் வருகிறது. அதாவது மடக்கை முந்தி, அடுக்குக் குறியீடு பிந்தி. லைப்னிட்ஸ் தன் வகையிடல் முறையை அச்சில் கொண்டுவந்தது 1684-இல். எல்லையை வைத்து அதற்குக் கோஷி ஒழுங்கான அடித்தளம் போட்டது 1820-களில். இந்த வரிசையில் நடத்தினால் வகுப்பு என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நான் அதிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்: 1, 2, 3, 4 என்று ஒரு வரிசை, அதன் கீழே 2, 4, 8, 16 என்று இன்னொன்று. கீழே பெருக்கினால் மேலே கூடுகிறது. மடக்கைக்கு இதைவிட நல்ல முதல் நாள் எனக்குத் தெரியாது. மற்றவை கதை சொல்ல நன்றாக இருக்கும்.

புள்ளியியலைக் 'கணக்கு வராதவர்களுக்கு' என்று ஒதுக்குவது

மருத்துவம், பொருளியல், உளவியல் என்று எங்கே போனாலும் இது எதிரே வந்து நிற்கும். பதினாலு வயதில் ஒரு பிள்ளை என்னவாகும் என்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் தப்புகிறது. அதனால் நுண்கணிதமா புள்ளியியலா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பாதையைப் பிரிக்காதீர்கள். திட்டவிலக்கத்துக்குச் சராசரியும் வர்க்கமூலமும் போதும், அது யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசி ஆண்டில் கணிதமே இல்லாமல் விடுவது

முன்கூட்டியே முடித்துவிட்டோமே என்று விடுவார்கள். கல்லூரி திறக்கும்போது தெரியும்.

காலி வாரமே இல்லாத அட்டவணை

ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வாரம் காலியாக விடுங்கள் என்றேன். "அந்த வாரத்துல என்ன சார் நடத்துறது?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். எது விழுந்துபோயிருக்கிறதோ அதை என்றேன். எது விழும் என்று இப்போதே தெரிந்தால் எழுதிவிடலாமே என்றார் ஒருவர். தெரியாததால்தான் காலியாக விடச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று திருத்திய அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் இயற்கணிதத்துக்கு முழு ஆண்டு கிடைத்திருக்கிறது. ரேடியன் முன்னால் வந்திருக்கிறது. நுண்கணிதம் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்பதாம் வகுப்பில் மொத்தம் ஆறு வாரம் காலியாக விட்டிருந்தார்கள். அதில் நான்கில் பென்சிலால் மெல்லிசாக 'அணிகள்' (மேட்ரிக்ஸ்) என்று எழுதியிருந்தது.